சோபனாவுக்காக ஒரு ஆப்

"இன்னுமா புரியலைங்க?" குமாருக்குப் பொறுமை போய்விட்டது.

"புரியல சார்," என்றாள் சோபனா, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அரூரில் சிறுதானியம் விற்கும் விவசாயிகள் கம்பெனி அது. எங்கே என்ன சரக்கு இருக்கிறது என்று ஆபீஸில் சோபனாவும், ஊர்களில் சரக்கு சேகரிப்பவர்களும் கம்பெனி வெப்சைட்டில் தினமும் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ஸ்கிரீன் முழுக்க இங்கிலீஷ். சோபனா புரியவில்லை என்று சொன்னதால், அதற்குள்ளேயே தமிழில் தனியாக ஒரு ஆப் செய்து சேர்க்க தர்மபுரியிலிருந்து வந்தவன் குமார். இது மூன்றாவது நடை.

"எழுத்து இன்னும் பெருசா வேணும் சார். சாமைக்கு சாமைப் படம், தினைக்குத் தினைப் படம். எத்தனை மூட்டைன்னு அதுவே கேக்கணும்."

"நீங்க பி.எஸ்சி. கம்ப்யூட்டர்தானுங்களே?"

"ஆமாங்க. என்னமோ மண்டையில ஏறல."

மேனேஜர் ராஜப்பன் எரிந்து விழுந்தார். "இந்த மாசத்துக்குள்ள ஏத்தக் கத்துக்காதவங்க யாரா இருந்தாலும் ஆளை மாத்திடுவேன். உன்னையும் சேத்துத்தான் சொல்றேம்மா!"

பெண்ணுக்கு வேலை போய்விடுமே என்று குமாருக்குப் பாவமாக இருந்தது. திட்டிக்கொண்டே கேட்டதையெல்லாம் செய்து கொடுத்தான்.

மாதக் கடைசியில், அந்த ஆப்பை யார் யார் திறந்திருக்கிறார்கள் என்று பார்த்தான்.

சோபனா ஒரு தடவைகூடத் திறக்கவில்லை! பழைய இங்கிலீஷ் ஸ்கிரீனிலேயே மளமளவென்று ஏற்றித் தள்ளியிருந்தாள். ஆப்பில் ஏற்றியது ஒரே ஒரு ஆள். சித்தேரி மலையில் சரக்கு சேகரிக்கும் சின்னன். அதுவரை அவரிடமிருந்து ஒரு வரிகூட வந்ததில்லை.

குமார் கோபத்தோடு அவளுக்கு போன் போட்டான்.

"சின்னன் அண்ணனுக்கு இங்கிலீஷ் வராது சார்," என்றாள் சோபனா. "வெளிய சொல்லமாட்டாரு, ரொம்ப ரோஷக்காரரு. அவருக்காக செஞ்சதுன்னு தெரிஞ்சா தொடவே மாட்டாரு, வேலை போயிருக்கும். அதான் எனக்குன்னு கேட்டேன். மன்னிச்சிருங்க சார்."

குமார் உடனே போனில் சின்னனைக் கூப்பிட்டான்.

"அண்ணா, ஆப்பு சௌகரியமா இருக்குதுங்களா?"

"எனக்கென்னாங்க சார், பழசே போதும்." சின்னன் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணுக்குத்தான் இங்கிலீஷ் வராதுங்க, பாவம். அது மட்டும் தனியா இதுல போட்டா ஆபீஸ்ல கேலி பண்ணுவாங்க. அதான் துணைக்கு நானும் இதுலயே போடறேன்!"