ஓடாத காருக்குப் பூசை

"இது ஓடுமோ, பிள்ளை?" என்று கேட்டார் ஐயர்.

"ஓடாது, ஐயா," என்றாள் கோசிகா.

கிங்ஸ்பரிப் பக்கத்துக் கோயில் ஒன்றின் முன்னால், வாகனப் பூசைக்கு நின்ற ஞாயிற்றுக்கிழமை வரிசை அது. டாக்சிக்காரர் ஒருவரின் பிரியஸ் சந்தனப் பொட்டோடு இப்போதுதான் புறப்பட்டுப் போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு ட்ரொலி நின்றது. ட்ரொலியின் மேல், சாப்பாட்டு மேசை நீளத்தில், கோசிகா களிமண்ணால் செய்த ஒரு கார்.

வெள்ளித்தாள் போர்த்திய அதன் முதுகில் தூறல் வழுக்கி ஓடியது. கடல் இன்னும் யாருக்கும் காட்டாத மீன் போலக் கிடந்தது அது.

வரிசைக்குப் பக்கத்தில் நின்ற பழைய வான் வண்டியில், கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு கோசிகாவின் அம்மா ஜெயகௌரி இருந்தார். மகள் கார் வடிவமைப்புப் படிக்கிறாள் என்பதை ஊர்ச்சனம் எவரிடமும் வாய்திறந்து சொல்லாதவர். காலையில்தான் ஒரு முடிவு சொல்லியிருந்தார்.

"ஐயர் இதைக் காரெண்டு ஒத்துக்கொண்டு பூசை செய்தால், நான் இனி ஒண்டும் சொல்லமாட்டன். இல்லாட்டி நாளைக்கே சித்தப்பாவின்ர கணக்கு ஒபிசுக்குப் போறாய்."

ஐயரின் தட்டில் நாலு தேசிக்காய்கள் இருந்தன; சக்கரத்துக்கு ஒன்றாக ஏறி நசுக்கவேண்டிய எலுமிச்சைகள். அவர் குனியாமல் நின்றார்.

பின்னால் புத்தம்புது எலக்ட்ரிக் காரோடு காத்துநின்ற கிருஷ்ணராசா குரல் கொடுத்தார். "ஐயா, தேசிக்காயை எந்தச் சில்லுக்குக் கீழை வைக்கப்போறியள்? காரின்ரயோ, ட்ரொலியின்ரயோ?"

வரிசை சிரித்தது.

கோசிகா நேரே அவருடைய காரடிக்குப் போனாள். "மாமா, இதிலை கதவுப்பிடி எங்கை?"

"கதவோடை படிஞ்சு கிடக்கும். கிட்டப் போனால்தான் வெளியிலை வரும்." அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "புது மொடலெல்லே."

"1938இலை அமெரிக்காவிலை ஒரு கார் செய்தவை. விக்கிறதுக்கில்லை. இனிமேல் கார் எப்பிடி இருக்கும் எண்டு காட்டுறதுக்கு, ஒண்டே ஒண்டு. அதிலையும் கதவுப்பிடி படிஞ்சுதான் கிடந்தது. ஜன்னல் கண்ணாடி கரண்டிலை ஏறி இறங்கினது. அந்தக் காரை ஒருத்தரும் கடையிலை வாங்கேல்லை, மாமா. ஆனால் இந்த வரிசையிலை நிக்கிற எல்லாக் காரிலையும் அதின்ர துண்டொண்டு கிடக்கு."

பிறகு ஐயரின் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் இவ்வளவு காலமும் அதின்ர பேரப்பிள்ளையளுக்குத்தான் பூசை செய்துகொண்டிருக்கிறியள், ஐயா."

ஐயர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். வேட்டியை ஒதுக்கிக் குனிந்து, ட்ரொலியின் நாலு சில்லுகளுக்கும் முன்னால் ஒவ்வொரு தேசிக்காயாக வைத்தார். வெள்ளித்தாளில் சந்தனம் ஒட்டவில்லை. இரண்டாம் முறை அழுத்திப் பூசினார்.

கற்பூரம் காட்டி முடித்ததும், எல்லாரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டார். "முதல் ஓட்டம் எங்கை?"

கோசிகா வான் வண்டியைப் பார்த்தாள். அம்மாவின் பக்கக் கண்ணாடி ஒரு சாண் இறங்கியிருந்தது.

"திரும்பக் கல்லூரிக்குத்தான், ஐயா. போன கிழமை இதைப் பாத்துப்போட்டு, இப்பிடியொரு காரை ஒருத்தரும் வாங்கமாட்டினம் எண்டு என்னைப் பெயில் விட்டிட்டினம். நாளைக்கு இதைச் சுரண்டி அடுப்பிலை போடுவினம். இந்தக் களிமண் சூட்டுக்கு இளகும். அடுத்த காருக்கு எடுப்பினம்."

யாரும் சிரிக்கவில்லை. கிருஷ்ணராசா தன் காரின் கதவுப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"தெரிஞ்சுகொண்டே கொண்டுவந்தனீ?" ஐயரின் குரல் தாழ்ந்திருந்தது.

"ஓம். களிமண்ணும் அங்கைதான் கிடக்கும். நானும் அங்கைதான் நிப்பன்."

அவள் ட்ரொலியில் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தள்ளினாள். மூன்று தேசிக்காய்கள் நசுங்கிச் சாறு தெறித்தது. நாலாவது நழுவி, ஈரத்தரையில் உருண்டு, வான் வண்டிக்குக் கீழே போய் நின்றது.

வான் கதவு திறந்தது.

ஜெயகௌரி இறங்கினார். குனிந்து தேசிக்காயை எடுத்தார். சீலைத் தலைப்பில் துடைத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க ட்ரொலியடியில் குந்தி, அதைச் சில்லுக்கு முன்னால் வைத்து, மறுபடி நழுவாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

காலையில் சொன்னது போலவே, ஒன்றும் சொல்லவில்லை.