அப்பா குறி பார்க்கிறார்

"இதையும் வேண்டாம் எண்டிட்டியே, மச்சான்! நீ என்ன ஒலிம்பிக்குக்கே போறாய்?"

ஜெயரட்ணம் அங்கிள் இப்படிக் கேட்டதும் அட்சயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒலிம்பிக் என்றாலும் பரவாயில்லை. அவளுடைய அப்பா இராஜரட்ணம் போகப்போவது மான் சுட.

ரெக்ஸ்டேலில் ஒரு துவக்குக் கடை. சுவர் முழுக்கக் கொம்பு வைத்த தலைகள். அந்தத் தலைகளுக்குக் கீழே நின்றுகொண்டு, மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்கிறவர் போல, அப்பா ஒவ்வொரு இரும்புத் துண்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாத மனுசன். சனிக்கிழமை வேட்டை!

எல்லாம் அப்பாவின் பிறம்ரன் வெயாஹவுஸ் சூப்பர்வைசரின் வேலை. நவம்பர் பிறந்தால் அவனுக்கு வேட்டைப் பித்துப் பிடித்துவிடும். கூடப் போகிறவர்களுக்குப் பகல் ஷிஃப்ற். போகாதவர்கள் இரவிரவாகப் பெட்டி அடுக்க வேண்டியதுதான். அப்பா போன வருசம் முதல்முறை போனார். பகலுக்கு மாறினார்.

"அப்பா, நாங்கள் எதுக்குப் பயந்து கனடாவுக்கு ஓடி வந்தனாங்கள்?"

"துவக்குக்கு."

"இப்ப உங்கடை கையிலை என்ன?"

"குறி பார்க்கிற சைற். துவக்கு கார் டிக்கிக்குள்ளை கிடக்கு."

பல்கலைக்கழக விவாத மேடையில் எத்தனையோ பேரை வாயடைக்க வைத்தவள் அட்சயா. அப்பாவிடம் மட்டும் ஒன்றும் செல்லாது.

"உங்கடை துவக்கிலைதான் ஏற்கெனவே ஒரு சைற் இருக்கே! கண்ணாடிக்குள்ளை சிவப்புப் புள்ளி தெரியும், அதை மானிலை வைச்சுச் சுட்டால் சரி எண்டு சொன்னீங்கள். ஒரு பாவப்பட்ட மானுக்கு ரெண்டு சைற்றோ?"

பதில் சொல்ல ஜெயரட்ணம் அங்கிள் முந்திக்கொண்டார். அப்பாவோடு ஒரே வெயாஹவுசில் வேலை. வேட்டையில் சூப்பர்வைசருக்கு வலது கை.

"பிள்ளை, உனக்கு விசயம் தெரியாது. போன வருசம் மான் வந்து நேர முன்னாலை நிக்குது. உன்ரை கொப்பர் துவக்கைத் தூக்குறார். புள்ளியைக் காணேல்லை! பற்றறி முடிஞ்சுதாம். மான் ஓடிப்போட்டுது. எங்களுக்கெல்லாம் வெக்கமாப் போச்சு. அதுதான் இந்த முறை சூப்பர்வைசர் கண்டிப்பாச் சொல்லிப்போட்டான், இரும்புச் சைற் ஒண்டு பூட்டாமல் வரக்கூடாதெண்டு. முனையிலை ஒரு தகடு, பின்னுக்கு ஒரு வெட்டு, ரெண்டையும் நேர்கோட்டிலை பிடிச்சுச் சுடுறது. பற்றறியும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்."

"உயிரைக் கொல்லுறதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி!"

"போன கிழமை உன்ரை பேத்டே பார்ட்டியிலை பொரிச்ச கோழிக்காலைக் கடிக்கேக்கை உந்தக் கருணை எங்கை போனது?"

"கோழி வந்து எனக்கு முன்னாலை நிண்டு என்னைப் பார்க்கேல்லை, அங்கிள்!"

சொன்ன பிறகு அவளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வேறு யாராவது மேடையில் இப்படிச் சொல்லியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள்.

கடைக்காரன் இன்னொரு சைற்றை எடுத்து வைத்தான். அப்பா அதை விரலால் தட்டினார், அசைத்தார்.

"இது இறுக்கமோ எண்டு கேள், ஜெயா."

அங்கிள் ஆங்கிலத்தில் கேட்டார். கடைக்காரன் சிரித்துக்கொண்டே ஏதோ நீளமாகச் சொன்னான்.

"லொறி ஏறினாலும் மயிரளவும் விலகாதாம், மச்சான்!"

அப்பா பெருமூச்சு விட்டார். அதையும் மெல்லத் தள்ளி வைத்தார்.

"கொப்பருக்கு இதுவும் காணாதாம்!" அங்கிளுக்கு ஒரே பெருமை. "இந்த முறை ஒரே வெடி. நெத்தியிலைதான் விழும், பார்."

அட்சயாவுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, நீங்கள் மட்டும் மானைச் சுட்டுக்கொண்டு வந்தீங்களெண்டால், அண்டையோட நான் உங்களோட கதைக்க மாட்டன். சத்தியமா!"

அப்பா அவளை ஒருகணம் பார்த்தார்.

"கதைக்காமல் உன்னாலை இருக்கேலுமே, பிள்ளை?"

அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலுக்கு ஒரு சிகரெட் தேவைப்பட்டு, "நீங்கள் சண்டையை முடியுங்கோ, நான் வாறன்" என்று வெளியே போனார்.

கதவு மூடியதும் அப்பா கிட்ட வந்து அட்சயாவின் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, கெதியா. அவன் வர முந்திக் கடைக்காரனிட்டை ஒண்டு கேள். எனக்கு இங்கிலிசிலை வடிவாக் கேக்க வராது. இதுக்குத்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"நான் ஒண்டும் கேக்க மாட்டன்."

"லேசிலை விலகிப்போற சைற் ஏதும் இருக்கோ எண்டு கேள். கழண்டே விழுந்தால் இன்னும் நல்லம். இவன் காட்டுறதெல்லாம் சனியன், இறுக்கமாக் கிடக்கு."

அட்சயா சைற்றையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்பா வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்தினார்.

"போன வருசம் விடியவே பற்றறியைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிட்டன். மான் தப்பிச்சுது, என்ரை வேலையும் தப்பிச்சுது. உந்த இரும்பிலை நான் என்னத்தையம்மா கழட்டுறது?"