கால் அளவு கேட்ட கம்பெனி

மேஜை மேல் என் போன் கிடந்தது. அது அடிக்கக் கூடாது என்று வேண்டாத சாமியில்லை.

மணி ஐந்து நாற்பது. ஆறு வரைக்கும் அடிக்காவிட்டால் கம்பெனி நிஜம். அடித்துவிட்டால் போலி. இது அக்கா போட்ட கணக்கு.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, பரீட்சை ஹாலில் காவலுக்கு நிற்கும் டீச்சர் மாதிரி போனையே முறைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

லிஃப்ட் பொருத்துகிற கம்பெனி அது. முன்அனுபவம் வேண்டாம். எட்டு வாரம் பயிற்சி, பயிற்சியிலேயே சம்பளம், தங்க இடம், போய்ச்சேர ரயில் டிக்கெட். எல்லாம் அவர்கள் செலவு.

இரண்டு வருஷமாக நான் ஒரு செல்போன் கடையில் திரைக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இருபத்து மூன்று வயதில் எனக்கு வந்த முதல் உருப்படியான கடிதம் இதுதான். துள்ளிய துள்ளலில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன ஆச்சு என்று விசாரித்தார்.

அக்கா மட்டும் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கள்ளநோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பெற்ற அப்பனே ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துத் தரமாட்டான், எவனோ எதற்குத் தருகிறான் என்பது அவளுடைய முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, கால் அளவு. கடிதத்தின் அடியில் ரத்த வகையும் ஷூ அளவும் கேட்டிருந்தார்கள். ரத்தம் கேட்டால் கிட்னிக்கு என்று வைத்துக்கொள்ளலாம், காலை அளந்து என்ன செய்யப் போகிறான் என்றாள். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேலைக்குப் போடுகிற கனத்த ஷூ, அதையும் அவர்களே தருகிறார்கள் என்றேன். அதையுமா என்று அம்மா இன்னும் பயந்துபோனாள்.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. நாலு வருஷத்துக்கு முன் ஏர்போர்ட்டில் வேலை என்று ஒரு கும்பல் பயிற்சிக் கட்டணம் வாங்கிக்கொண்டு அவளை மொட்டையடித்தது. சந்தேகம் தட்டிய பிறகு ஒரே நாளில் பதினேழு தடவை கூப்பிட்டார்கள். கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், கடைசியில் ஒரு பொம்பளை அழக்கூட அழுதாளாம்.

ஏமாற்றுகிறவன் விடமாட்டான். அக்கா அன்றைக்குக் கற்றுக்கொண்டது அது.

அதிலிருந்து எங்கள் தெருவுக்கே அவள்தான் துப்பறியும் இலாகா. பரிசு விழுந்திருக்கிறது, பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று யாருக்கு என்ன வந்தாலும் அக்காவைக் கேட்காமல் வாயைத் திறக்கமாட்டார்கள். ஒட்டடைக்குச்சி என்று நாங்கள் கூப்பிடுகிற பக்கத்து வீட்டு ஒல்லிப் பையனுக்கு வந்த மூன்று வேலைகளைப் போலி என்று சொன்னவளும் அவள்தான். மூன்றும் போலியாகவே இருந்தன.

அவனும் என்னோடுதான் இந்த லிஃப்ட் கம்பெனிக்குப் பரீட்சை எழுதினான். எடுத்தது இருபது பேரை. நான் இருபதாவது, அவன் இருபத்தொன்று. ஒரு மார்க்கில் போனதால் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று மூன்று மணிக்கு அக்கா என் போனைப் பிடுங்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். கம்பெனிக்குப் பேசிவிட்டு இரண்டே நிமிஷத்தில் இறங்கி வந்தாள். என்ன கேட்டாய் என்றதற்கு, மூன்று மணி நேரத்துக்கு மேல் எந்தத் திருடனும் பொறுக்கமாட்டான், ஆறு மணி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இரு என்றாள்.

ஐந்து ஐம்பதுக்கு டிங் என்று ஒரு மெசேஜ் வந்தது. நான் கையை நீட்டினேன். அக்கா அடித்துத் தள்ளினாள். மெசேஜ் கணக்கில் வராதாம்.

ஆறு அடித்தது.

போன் அப்படியே கிடந்தது. அக்கா எழுந்து நின்று, நாலு வருஷமாக நான் பார்க்காத ஒரு சிரிப்புச் சிரித்தாள். நிஜமான கம்பெனிதான், பெட்டியைக் கட்டு என்றாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் நல்ல பெட்டி ஏது என்று இப்போதே கவலைப்பட ஆரம்பித்தாள்.

நான் மெசேஜைத் திறந்தேன்.

தெரிவித்தமைக்கு நன்றி, தங்கள் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு அளிக்கப்படுகிறது, தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.

இரண்டு தடவை படித்தேன். அப்புறம் அக்காவிடம் நீட்டி, மாடியில் என்னதான் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ வரலைன்னு சொன்னேன்." அவள் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. "ஏமாத்தறவனா இருந்தா விட்டிருப்பானாடா?"

விடவில்லை என்றால்தானே போலி. விட்டுவிட்டார்கள்.

நான் அந்த எண்ணை அழுத்தினேன். லைன் பிஸி. மறுபடி அழுத்தினேன். பிஸி.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அம்மா போய்த் திறந்தாள்.

ஒட்டடைக்குச்சி நின்றிருந்தான். மூச்சு வாங்கியது. கையில் போன், அதன் வாயை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தியிருந்தான். என்னைக் கவனிக்கவே இல்லை, நேரே அக்காவிடம் போனான்.

"அக்கா, அந்த லிஃப்ட் கம்பெனிதான், லைன்ல இருக்காங்க. நாளைக்கே டிக்கெட்டுங்கறாங்க. கால் அளவு கேக்கறாங்க. குடுக்கலாமா?"

அக்கா ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் போதும், அவன் அங்கேயே கட் பண்ணிவிடுவான். அந்த இடம் மறுபடி காலியாகும். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"குடுடா. நான் விசாரிச்சாச்சு."