இறங்காத உப்புச் சாடி

குடிக்கவும் சமைக்கவும் அந்த ஊருக்கு ஊருணித் தண்ணீர்தான். அது வற்ற வற்ற உப்பேறும். அதற்குத் தக்கபடி பெண்கள் கஞ்சிக்குப் போடும் உப்பைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். சித்திரையில் உப்பே வேண்டியிருக்காது. சாடியைத் துணியால் மூடிக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். மழை பெய்து ஊருணி நிறைந்ததும் முதல் கஞ்சியை உப்பில்லாமல் காய்ச்ச வேண்டும் என்பது வழக்கம். ஒரு வாய் குடித்து, "ச்சை, சப்புனு இருக்கு" என்று முகம் சுளித்துச் சிரித்த பிறகே சாடி இறங்கும். போன ஆண்டு பக்கத்து ஊரான மேலக்குடியில் ஊருணி நிறைந்தும் சாடிகள் இறங்கவில்லை. இப்போது அங்கே ஆளில்லை.

இந்த ஊர் ஊருணியில் இந்த முறை தண்ணீர் கரையைத் தொட்டு நின்றது. நாகவள்ளி கஞ்சி காய்ச்சிக் கணவன் உமையணனிடம் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவன் சிரிக்கவில்லை.

"உப்புப் போட்டியா புள்ள?"

"நான் எங்க போட்டேன்? சாடி பரண்லதான இருக்கு."

அவன் கும்பாவை நீட்டினான். அவளும் குடித்துப் பார்த்தாள். அதே உப்புக் கரிப்பு; சித்திரைக் கஞ்சியேதான்.

அப்போது பக்கத்து வீட்டுப் பூமயில் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "மதினி, ஒங்க வீட்டுக் கஞ்சி எப்படி இருக்கு?"

நாகவள்ளி உமையணனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்துகொண்டான்.

"சப்புனுதான் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்று பூமயிலும் சிரித்தாள்.

சிரித்து முடித்த பிறகும் இருவரும் உள்ளே போகவில்லை. மற்றவள் போய்ச் சாடியை இறக்குகிறாளா என்று பார்த்தபடி, சுவரின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டே இருந்தார்கள்.