மூன்றாவது நோக்கம்

"எஞ் சின்ன மவனக் குத்துனது யாருன்னு இந்தக் கத்தியப் பாத்துச் சொல்லிருவீயளா சார்?"

செல்வலட்சுமி மஞ்சள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். உப்பளத்தில் வேலை பார்த்துக் காய்த்துப்போன கை.

யதிராஜன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கல்லூரியில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போது தூத்துக்குடி கத்தி சேகரிப்போர், செய்வோர் சங்கத்தின் தலைவர். சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பதினான்கு உறுப்பினர்கள், துறைமுகச் சாலையில் ஒரு மாடி அறை, சுவரெல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில் கத்திகள். கத்திச் சங்கம் என்றதும் ஏதோ ரவுடிக் கூட்டம் என்று ஊர் நினைத்துவிடுகிறதே என்பது அவருடைய தீராத மனக்குறை. அதனால் சங்கத்தின் நோக்கங்களைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். யார் வந்தாலும் அதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை.

பிள்ளையைப் பறிகொடுத்து ஐந்து நாள்கூட ஆகாதவளையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"முதல் நோக்கம், கத்தி ஒரு கருவி, ஆயுதம்ங்கிற கெட்ட பேரைப் போக்கறது. ரெண்டாவது, செஞ்சவன் முத்திரை இல்லாம ஒரு கத்தியும் வெளியே போகப்படாது. முத்திரை இருந்தா செஞ்சவனைப் பிடிச்சுடலாம். அவன்கிட்டக் கேட்டா வாங்கினவன் யாருன்னு தெரிஞ்சுடும். ஆமா, இந்தக் கத்தியைத்தானே போலீஸ் தேடிண்டிருக்கா? பேப்பர்ல போட்டிருந்தானே?"

"ஆமா சார். வீட்டுக்குப் பொறத்தால உடமுள்ளுக் காட்டுக்குள்ள கெடந்துச்சு. வெறகு பொறுக்கப் போனப்ப பாத்தேன். போலீசுல குடுத்தா வாங்கி உள்ள வச்சிருவாவ. அதுக்கு முன்னாடி உங்க கிட்ட காட்டணும்னு மாப்பிள்ளையூரணிலருந்து நேரா இங்கன வாரேன்."

யதிராஜனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆறு வருஷத்தில் சங்கத்தை நம்பி ஒருவர் படியேறி வந்தது இதுதான் முதல் தடவை. போலீசைவிட நம்மை நம்புகிறாளே!

உறையைப் பிரித்துக் கத்தியை எடுத்தார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிளாஸ்டிக் பிடி. அலகு முழுக்கக் காய்ந்த கறை. முத்திரை இருந்தால் பிடியை ஒட்டித்தான் இருக்கும். அந்த இடத்திலும் கறை அப்பியிருந்தது. பஞ்சை எண்ணெயில் நனைத்து அங்கே தேய்த்தார். வாய் மட்டும் நோக்கங்களை விட்டபாடில்லை.

"மூணாவது ரொம்ப முக்கியம். தொட்ட கத்தியைத் துடைச்சு எண்ணெய் போடாம கீழே வைக்கப்படாது. நம்மூர் உப்புக் காத்துக்கு ஒரு நாள் போறும், விரல் பட்ட இடமெல்லாம் துரு ஏறிடும். எங்க ஆட்கள் கையில எந்தக் கத்தியைக் கொடுத்தாலும் துடைச்சுதான் திருப்பித் தருவா."

வாய் போன வழியே கையும் போனது. அலகின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், முனை, முதுகு, கடைசியில் பிடி. செல்வலட்சுமி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தி பளபளத்தது. முத்திரை இல்லை.

"சந்தைக் கத்திம்மா" என்றார் யதிராஜன், ஏமாற்றத்தோடு. "யாரு செஞ்சான், யாரு வாங்கினான்னு சொல்ல முடியாது."

அப்போதுதான் சங்கச் செயலாளர் பெவின் மாடியேறி வந்தான். வக்கீல். விஷயத்தைக் கேட்டவன் கத்தியைப் பார்த்தான், எண்ணெய்ப் பஞ்சைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது.

"சார்! பிடியையுமா துடைச்சீங்க? குத்துனவன் கைரேகை அதுலதான சார் இருந்திருக்கும்! இருந்த ஒரே தடயம்!"

யதிராஜன் கையிலிருந்த பஞ்சைப் போட்டுவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இனி ஒண்ணுமே தெரியாதா தம்பி?" என்று கேட்டாள் செல்வலட்சுமி.

"எண்ணெய் போட்டுத் தேய்ச்ச பெறவு என்னம்மா தெரியும்? ஒரு ரேகையும் மிஞ்சாது" என்றான் பெவின். "நான் கார எடுக்கேன். ஸ்டேஷன்ல போய் நடந்ததச் சொல்லிருவோம்." கோபத்தில் படி அதிர இறங்கிப் போனான்.

அறையில் இரண்டு பேர் மட்டும். யதிராஜன் தலையில் அடித்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது, அருவருப்பாக இருந்தது. நோக்கமாம், நோக்கம்! பெற்றவள் நம்பிக் கொண்டுவந்து கொடுத்ததைப் பெருமை பேசிப் பேசியே அழித்துவிட்டோமே. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அம்மா, நான் பாவி. உங்க பிள்ளையைக் கொன்னவனை நானே தப்பிக்க விட்டுட்டேன். என்னைச் செருப்பால அடிங்கோ!" அறுபத்தெட்டு வயது மனிதர் அவள் காலில் விழக் குனிந்தார்.

செல்வலட்சுமி பதறி அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அவள் வாயிலிருந்து குரல் மெல்ல வந்தது.

"நீங்க ஏன் சார் அழுவுதீய? தொட்ட கத்தியத் துடைக்காம வைக்க மாட்டோம்னு சாயர்புரம் கண்காட்சியில நீங்க மைக்குல சொன்னதக் கேட்டிருக்கேன், அதான் உங்க கிட்ட வந்தேன். மூணு நாளா துணியும் கையுமா உக்காந்து பாத்துட்டேன். சின்னவன் ரத்தத்த எங் கையால துடைக்க முடியல சார்... மூத்தவனாவது எனக்கு மிஞ்சணும்லா?"