ஆண்டு மலருக்கு ஒரு படம்

வலது முன்சக்கரம் மட்டும் முடிவுக் கோட்டை மூன்றாவதாகக் கடந்தது.

காரும் காருக்குள் தலைவரும் கடைசி வளைவிலேயே புல்லுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிட்டார்கள். ஒலிபெருக்கிக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சக்கரத்துக்குப் பரிசு உண்டான்னு நடுவருங்கதான் சொல்லணும்" என்றார். மைதானமே சிரித்தது.

தலைவர் என்றால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் மன்றத்தின் தலைவர். வண்டிக்கு வயது அறுபது, அவருக்கு ஐம்பத்தெட்டு. மேடேறும்போது வண்டிக்கு மூச்சு வாங்காது.

"என் வண்டியில என் கை படாத திருகாணி கிடையாது" என்று அவர் சொல்லாத கூட்டம் இல்லை. பொய் சொல்ல மாட்டார். மச்சினன் முடுக்கிவிட்டுப் போனபின் மஞ்சள் துணியால் துடைப்பாரே, அப்போது ஒவ்வொன்றிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது.

இப்போது அவர் புல்லில் நின்று, தோல் கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். பட்டுத் துண்டு கழுத்தில் கலையாமல் இருந்தது. மன்றத்து ஆட்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று பத்து வாய்.

"என்னத்தச் சொல்றது? வீட்டு ஆளாச்சேன்னு வேலைய ஒப்படைச்சேன் பாருங்க, எனக்கு வேணும்!"

அந்தச் சமயம் பார்த்துத்தான் மச்சினன் சக்கரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். காதில் விழுந்திருக்கும். விழுந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

சக்கரத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, அது கழன்ற இடத்தில் குந்தினான். நட்டு ஏறும் மரையில் விரலை வைத்துச் சுற்றிப் பார்த்தான். தேயவில்லை, உடையவில்லை. கூடவே பொறுக்கி வந்திருந்த நட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

இந்த வண்டிகளுக்குச் சக்கரத்துக்கு ஒரே நட்டுதான். நடுவில், இரண்டு காது வைத்தது. காதில் செம்புச் சுத்தியலால் அடித்து முடுக்க வேண்டும். இடப்பக்கச் சக்கரத்துக்கு ஒரு திசை என்றால் வலப்பக்கத்துக்கு நேர் எதிர்த் திசை. மறதி யாருக்கும் வரும் என்று, யாருக்கு என்று சொல்லாமல், மச்சினன் தன் அக்காளின் நெயில் பாலிஷை வாங்கி நாலு நட்டிலும் சிவப்பாக ஓர் அம்பு போட்டு வைத்திருந்தான். முடுக்க இந்தப் பக்கம்.

"அத்தான், காலைல நான் முடுக்கினதுக்கு அப்புறம் யாராச்சும் இதத் தொட்டாங்களா?"

"யார் தொடப் போறா?"

குரல் வேண்டியதற்கு மேலேயே வந்துவிட்டது. தலைவர் பட்டுத் துண்டைச் சரிசெய்தார்.

மச்சினனின் பட்டறையில் அன்றைக்கு மன்றத்து வண்டிகள் ஏழு நின்றன. அவன் சாப்பாடே அந்த ஏழுதான். அதில் ஒன்றுக்குச் சொந்தக்காரரான பல் டாக்டர், யார் முகத்தையும் பார்க்காமல், "தம்பி, என் வண்டிய நாளைக்கு வந்து எடுத்துக்கறேம்ப்பா" என்றார். பின்னால் நின்ற இருவர், நல்ல யோசனை என்பதுபோல இருமினார்கள்.

மச்சினன் நிமிரவில்லை. அந்த நேரத்தில்தான் படம் எடுக்கும் பெண் புல்லில் தடுக்கி விழாத குறையாக ஓடிவந்தாள். கையில் சுடச்சுட அச்சிட்ட படம்.

"சார், ஆண்டு மலர் அட்டைக்கு இதுதான். செமையா வந்திருக்கு!"

நீட்டிய கைக்கு அருகில் இருந்தவன் மச்சினன். அவன் வாங்கிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

தலைவருக்கு அது எந்தப் படம் என்று பார்க்காமலே தெரிந்தது.

காலையில், பந்தயத்துக்கு முன், "நீ போய் எல்லாருக்கும் குடிக்க ஏதாச்சும் வாங்கிட்டு வா, கறைச் சட்டையோட படத்துல நிக்காதே" என்று மச்சினனை அனுப்பிவிட்டு எடுத்த படம். வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்த தலைவர். பட்டுத் துண்டு, பல் தெரியும் சிரிப்பு, ஓங்கிய செம்புச் சுத்தியல். கேமராவுக்காக மூன்று அடி. "சார், இன்னும் ஒரே ஒரு தடவை" என்று அவள் கெஞ்சியதற்காக நாலாவது.

படத்தில் நட்டின் அம்பு பளிச்சென்று சிவந்து ஒரு பக்கம் காட்டியது. சுத்தியல் மறுபக்கத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

பல் டாக்டர் கழுத்தை நீட்டினார். "எங்க, காட்டு பாப்போம்."

மச்சினன் படத்தைத் திருப்பிச் சட்டைப் பையில் வைத்தான். அதே பைக்குள் துழாவி ஒரு சாவியை எடுத்து டாக்டரிடம் நீட்டினான்.

"நாளைக்கு எதுக்கு சார், இப்பவே எடுத்துக்குங்க. பக்கக் கண்ணாடி மட்டும் இன்னும் மாட்டல."

தலைவர் சொல்ல வேண்டியது ஒரே சொல்தான். நான்தான் என்றால் முடிந்தது. பத்துப் பேர் நின்றார்கள், காற்றுகூட நின்றிருந்தது. தலைவர் வாயைத் திறந்தார்.

"படத்துல கறை படாமப் பாத்துக்கோ" என்றார்.

"சரிங்க அத்தான்."

மச்சினன் கையைக் காற்சட்டையில் ஒருமுறை துடைத்துக்கொண்டு, பைக்கு மேலே எட்டிப் பார்த்த படத்தின் ஓரத்தை உள்ளே அழுத்திவிட்டான்.