தொண்டை கட்டாத நாள்

"என்னங்க, இன்னைக்கு டூட்டிக்குப் போகலையா?" செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கணவரிடம் மனைவி கேட்டாள்.

"போயிட்டுத்தானே வர்றேன்!"

"அப்புறம் எப்படித் தொண்டை கட்டல?"

பெரிய ஆஸ்பத்திரியில் விசாரணை மேஜை அவருடையது. இருபது வருடமாக எக்ஸ்ரேவுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் வழி சொல்லிச் சொல்லி, வீடு திரும்பினால் சைகையில்தான் பேசுவார்.

"அதை ஏன் கேக்கறே! ரெண்டு நாள் லீவு முடிஞ்சு போறேன், தரையெல்லாம் கலர் கலரா கோடு. எக்ஸ்ரேவுக்கு மஞ்சள், ரத்தத்துக்குச் சிவப்பு. டாக்டர் குடுக்குற சீட்டுலயும் அதே கலர்ல ஒரு பொட்டு. படிக்கத் தெரியாதவங்ககூட கோட்டைப் பிடிச்சுக்கிட்டு நேரா போய் நிக்கிறாங்க. என்கிட்ட ஒரு ஆள்கூட வழி கேக்கல! எவனோ மகா மூளைக்காரன்."

நம்ப முடியாமல் தலையை ஆட்டியவர், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த மகளைப் பார்த்தார்.

"நீயும்தான் படிக்கிறே, கெமிஸ்ட்ரிக்குத் துணைப்பாடமா கிராஃபிக் டிசைன்! படம் போட்டா பொழைப்பு நடக்குமா? தினமும் 'இன்னைக்கு யார் யார் எங்கே போக வழி கேட்டாங்கப்பா'ன்னு என் உயிரை வாங்கினதுதான் மிச்சம்."

மகள் துணைப்பாட ப்ராஜெக்ட் ஃபைலை நீட்டினாள்.

திறந்தார். அவருடைய ஆஸ்பத்திரியின் வரைபடம், ஓரத்தில் ஆஸ்பத்திரியின் ஒப்புதல் முத்திரை. மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு, சீட்டில் பொட்டு. மேலே கல்லூரி அச்சடித்திருந்த கேள்வி: 'தீர்க்க வேண்டிய பிரச்சினை என்ன?'

பதில் மகளின் கையெழுத்தில் இருந்தது: 'அப்பாவின் தொண்டை.'

அன்றைக்கும் அவருக்குப் பேச்சு வரவில்லை.